65 லிட்டர் உப்புத்தண்ணியும் மாப்ளையோட மீன் லிஸ்ட்டும்

எங்க அக்கா பையன் மரைன் டேங்க் வைக்கப்போறேன்னு சொன்னப்போ டேங்க், லைட், ஃபில்டர் எல்லாம் ஏற்கனவே வாங்கி இறக்கிட்டான், போன்ல ஒரு மீன் லிஸ்ட் வேற ரெடியா வச்சிருந்தான், என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "மாமா, இதுல எதை முதல்ல விடணும்?"

டேங்க் 60 செ.மீ நீளம், 35 அகலம், 40 உயரம். பெருக்கினா 84 லிட்டர் வரும், ஆனா மணல், கல், மேல விடுற இடம் எல்லாம் போக உள்ள நிக்கிற தண்ணி 65 லிட்டர் இருந்தா அதிகம். லிஸ்ட்ல இருந்தது க்ளவுன்ஃபிஷ் ரெண்டு, அதுங்க ஒண்டிக்க ஒரு அனிமோன் (கல்லுல ஒட்டிட்டு பூ மாதிரி விரியற கடல் உயிரி), ஒரு ப்ளூ டேங், ஒரு மாண்டரின், ஒரு க்ளீனர் ராஸ், பச்சை க்ரோமிஸ் ஆறு, கடல்குதிரை ஜோடி. கடைசியா கேள்விக்குறி போட்டு லயன்ஃபிஷ்.

இந்தப் பதிவுல பெரும்பகுதி அந்த லிஸ்ட்டை வெட்டினதைப் பத்திதான். பைப் எப்படி மாட்டணும், லைட் எவ்ளோ உயரத்துல தொங்கணும்னு சொல்லித்தர நிறைய பேர் இருக்காங்க, எதை வாங்காதேன்னு உக்காந்து பேசறவங்கதான் கம்மி.

இத்தனை லிட்டருக்கு இத்தனை இன்ச் மீன்னு ஒரு கணக்கு சுத்திட்டு இருக்குல்ல, அதை முதல்ல தூக்கிப் போடச் சொன்னேன். நல்ல தண்ணி மீனுக்கே அது உருப்படியா வராது, கடல் மீனுக்கு சுத்தமா ஆகாது, ஏன்னா இங்க பிரச்சனை மீனோட நீளம் மட்டும் இல்ல, அது எவ்ளோ தூரம் நீந்தும், எதைப் பிடிச்சு சாப்பிடும், எந்த மூலையை எனக்குன்னு பிடிச்சு வச்சுக்கும், இதெல்லாம்தான். அதனால ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல நாலு விஷயம் எழுதுடான்னேன். முழுசா வளர்ந்தா என்ன சைஸ், என்ன சாப்பாடு, யார்கூட மல்லுக்கட்டும், எங்கேர்ந்து பிடிச்சது.

ப்ளூ டேங் முதல் வரியிலயே அவுட். கடையில பார்க்கறப்போ கட்டைவிரல் அளவு இருக்கும், வளர்ந்தா 30 செ.மீ கிட்ட போகும், இவன் டேங்க்ல அகலத்துக்குத் திரும்பக்கூட முடியாது. "பெருசானதும் கடல்ல விட்டுடலாம்ல மாமா?"ன்னான். இந்த ஹாபியில நான் குரலை உயர்த்திப் பேசற ஒரே விஷயம் இதுதான். இந்தோ பசிபிக் கடல்ல இருக்கவேண்டிய லயன்ஃபிஷ் 1985ல ஃப்ளோரிடா கரையோரம் முதல்ல தட்டுப்பட்டுச்சு, தொட்டியில வளர்த்தவங்க விட்டதுலேர்ந்து வந்திருக்கும்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க, இன்னிக்கு கரீபியன் முழுக்க பரவி அங்க இருக்கிற குட்டி மீனையெல்லாம் தின்னு தீர்த்துட்டு இருக்கு. கௌலெர்பா டாக்சிஃபோலியான்னு ஒரு பாசி, தொட்டி அலங்காரத்துக்கு வச்சிருந்தது, 1984ல மொனாக்கோ பக்கத்துல கடலுக்கடியில சின்ன திட்டா இருந்துச்சு, அப்புறம் மத்தியதரைக் கடலோட பல இடத்துல பாய் விரிச்சிடுச்சு. மீன் மட்டும் இல்ல, கல்லு, மணல், நத்தை, பாசி, எதையும் கடல்லயோ சாக்கடையிலயோ கொட்டக்கூடாது. வளர்க்க முடியலன்னா வாங்கிக்கிற ஆள் யாருன்னு வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். இதைக் கேட்டதும் லயன்ஃபிஷ் பேரை அவனே அடிச்சிட்டான். அது வாய்க்குள்ள அடங்குற எதையும் விழுங்கும், முள்ளுல விஷம் வேற, நான் எதுவும் சொல்லவேண்டிய வேலையே வரல.

மாண்டரின்தான் அவனுக்கு மனசு வரல. அந்தக் கலருக்கு யாருக்குத்தான் வரும். ஆனா அது நாள் முழுக்க கல்லை மேஞ்சு மேஞ்சு கோப்பிபாட்னு சொல்ற பொடி உயிரிங்களைக் கொத்தித் தின்னுட்டே இருக்கிற மீன். 65 லிட்டர் டேங்க்ல கல்லுல வளர்ற கோப்பிபாட் எல்லாம் சீக்கிரமே காலி ஆயிடும், அப்புறம் நாம போடற பெல்லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காம கண்ணு முன்னாடியே வத்திப்போகும். தொட்டியிலயே பொரிச்சு வளர்த்த மாண்டரின் சிலது ஃப்ரோஸன் சாப்பாடு எடுக்கும், ஆனா அதுவும் முதல் டேங்க்குக்கு வேண்டாம்னுதான் என் கருத்து. க்ளீனர் ராஸும் இதே கதை, பெரிய பெரிய மீன் வரிசையில வந்து நின்னு உடம்பைக் காட்ட, அதுல இருக்கிற ஒட்டுண்ணியைத் தின்னு பிழைக்கிறது, நாலு குட்டி மீன் இருக்கிற டேங்க்ல அதுக்கு என்ன வேலை?

கடல்குதிரைக்கு வயித்துப்பைன்னே ஒண்ணு கிடையாது, தின்னது சரசரன்னு வெளிய போயிடும், அதனால ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவையாவது போடணும், அதுவும் மெதுவா யோசிச்சு யோசிச்சு சாப்பிடற ஜீவன், பக்கத்துல க்ளவுன்ஃபிஷ் இருந்தா அதுக்கு ஒரு வாய் மிஞ்சாது. கடல்குதிரை இனம் மொத்தமும் 2004லேர்ந்து சைட்டிஸ்னு சொல்ற சர்வதேச வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதாவது நாட்டுக்கு நாடு வியாபாரம் பண்ண பேப்பர் வேணும். அதுக்குன்னே தனி டேங்க் வைக்கிறவங்க வைக்கட்டும்.

க்ரோமிஸ் ஆறு கூட்டமா அழகா இருக்கும்னு நினைச்சான். கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் பலமானது பலவீனமானதை ஓரங்கட்டி ஓரங்கட்டி ஆறு நாலாகி, நாலு ரெண்டாகி நிக்கும், சின்ன டேங்க்ல இது ரொம்ப சகஜம்.

அனிமோன் மட்டும் வெட்டல, தள்ளி வச்சோம். க்ளவுன்ஃபிஷ்ஷுக்கு அது கட்டாயம் இல்ல, இல்லாமலே நல்லா வாழும், முட்டைகூட வைக்கும். அனிமோனுக்குத்தான் நிலையான பழைய டேங்க் வேணும், நல்ல லைட் வேணும். பிடிக்கலன்னா காலைக் கிளப்பி நகர ஆரம்பிச்சிடும், நகர்ந்து போய், தண்ணியை அலையடிக்க வைக்கிற வேவ்மேக்கர்ல மாட்டி அரைபட்டா டேங்க்கே நாறிடும். ஒரு வருஷம் ஓடட்டும்டான்னேன், மூஞ்சைத் தூக்கிட்டு சரின்னான்.

மிஞ்சினது க்ளவுன்ஃபிஷ் ரெண்டு. அதுகூட மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒண்ணு, பிஸ்டல் இறால் ஒண்ணு, ஃபயர்ஃபிஷ் ஒண்ணு சேர்த்தோம். அவ்ளோதான் லிஸ்ட். "நாலு மீன்தானா?"ன்னான். ஆமாடா மாப்ள, நாலுதான், ஆனா இறால் நாள் பூரா மண்ணைத் தோண்டி வளை வெட்டும், அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, கோபி வாசல்ல காவல் நிக்கும், இறாலோட மீசை எப்பவும் கோபி மேல தொட்டுட்டே இருக்கும், ஆபத்துன்னா கோபி வாலை ஆட்டும், ரெண்டும் உள்ள பாயும். இதைப் பார்த்துட்டு இருந்தா க்ரோமிஸ் ஞாபகமே வராதுன்னேன்.

எங்கேர்ந்து பிடிச்சதுன்ற கேள்விதான் அவனுக்குப் புதுசு. நல்ல தண்ணி அலங்கார மீன் பெரும்பாலும் பண்ணையில வளர்த்தது, கடல் மீன் அப்படி இல்ல, பெரும்பாலும் இன்னும் கடல்லேர்ந்து பிடிச்சதுதான். சாயனைடு கரைசலைப் பவளப்பாறை இடுக்குல பீச்சி மீனை மயங்க வச்சு அள்ற பழக்கம் 1960கள்ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்சது, சட்டப்படி தடை இருந்தும் முழுசா ஒழியல, மயங்கின மீன் பொழைச்சாலும் அந்தப் பவளம் பொழைக்காது. அதனால பண்ணையில பொரிச்சது கிடைக்கிற இனம்னா அதைத்தான் வாங்கணும். க்ளவுன்ஃபிஷ்ஷுக்கு இது ரொம்ப சுலபம், ஓசெல்லாரிஸ் வகை பண்ணைக் குஞ்சு தாராளமா கிடைக்குது, பிறந்ததுலேர்ந்து பெல்லட் தின்னு பழகினது. கோபியும் ஃபயர்ஃபிஷ்ஷும் அப்படி இல்ல, கடல்ல பிடிச்சதுதான் பெரும்பாலும் வருது. அதனால கடைக்காரர்கிட்ட வலையில பிடிச்சதான்னு கேட்டு, வந்து எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டு, நம்ம கண்ணு முன்னாடி சாப்பாடு போடச் சொல்லி அது வாயில எடுக்குதான்னு பார்த்து வாங்கறதுன்னு முடிவு பண்ணோம். கேள்வி கேட்டா மூஞ்சி சுளிக்கிற கடையில மீன் வாங்காதீங்க, பொதுவாவே சொல்றேன்.

இனி செட்டப். தண்ணி ஆர்ஓ டிஐ, அதாவது கரைஞ்சிருக்கிற உப்பெல்லாம் வடிகட்டி எடுத்தது, அந்தக் கரைசலை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சுழியம் காட்டணும். உப்பு லிட்டருக்கு 35 கிராம் சொச்சம், தனி பக்கெட்ல ஹீட்டரும் பம்ப்பும் போட்டுக் கலந்து, தெளிஞ்சதுக்கு அப்புறம் உப்பு அளக்கிற ரீஃப்ராக்டோமீட்டர்ல 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு), அடர்த்திக் கணக்குல 1.026 வருதான்னு பார்த்தோம். ரீஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணியில சுழியம் வச்சிட்டு நம்பிடாதீங்க, 35 பிபிடி கேலிப்ரேஷன் திரவம்னு தனியா விக்கிது, நாம அளக்கப்போற இடத்துலயே சரி பார்த்துக்கிறதுதான் சரி. வெப்பம் 25 டிகிரி. கல்லு ட்ரை ராக், அதாவது உயிர் எதுவும் இல்லாத காஞ்ச கல்லு, அதை மணல் மேல வைக்காம டேங்க் தரையில வச்சு அதுக்கப்புறம் மணலைக் கொட்டினோம், ஏன்னா இறால் தோண்டற தோண்டுல மணல் மேல நிக்கிற கல்லு சரிஞ்சு கண்ணாடியில விழும்.

அடுத்தது சைக்ளிங், அதாவது மீன் கழிவுல வர்ற அம்மோனியாவைத் தின்னற பாக்டீரியாவை டேங்க்ல முதல்ல வளர்க்கறது. அந்த நேரத்துலதான் அவனுக்குக் கடையில ஒருத்தர் சொல்லியிருக்காரு, ரெண்டு டேமஸல் வாங்கி விடு, அது கெட்டி மீன், சாகாது, டேங்க் தானா செட் ஆயிடும்னு. அம்மோனியாவுல மீனை வேக வச்சு பாக்டீரியா வளர்க்கிற இந்த வேலை இன்னும் ஏன் நடக்குதுன்னு எனக்குப் புரியல. கடல் தண்ணி பிஎச் 8.2 கிட்ட இருக்கும், அங்க அம்மோனியாவுல விஷமான பங்கு பிஎச் 7ல இருக்கிறதைவிட பத்து மடங்குக்கும் மேல. அப்படியே அந்த டேமஸல் பொழைச்சாலும் டேங்க் முழுக்க தன்னோடதுன்னு நினைச்சுக்கும், பின்னாடி வர்ற மீனை அடிச்சுத் துரத்தும், அதைப் பிடிக்கணும்னா கல்லு மொத்தத்தையும் வெளிய எடுக்கணும். நாங்க அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு) கொண்டுவந்தோம், பாட்டில் பாக்டீரியா ஊத்தினோம், டெஸ்ட் கிட் வச்சு அளந்துட்டே இருந்தோம். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், அது இறங்கினா நைட்ரேட் ஏறும். 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் சுழியத்துக்கு வந்தா டேங்க் ரெடி. பொதுவா நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நடுவுல கல்லு, மணல் எல்லாம் பழுப்பா ஆச்சு, அது டயட்டம்னு ஒரு பொடிப் பாசி, எல்லாப் புது டேங்க்லயும் வர்றதுதான். "மாமா டேங்க் செத்துடுச்சு"ன்னு போட்டோ அனுப்பினான். சாகல, லைட்டைக் குறைச்சு வச்சிட்டு சும்மா இருடான்னேன்.

முதல்ல உள்ள போனது நத்தைங்க. பாசியைத் தின்னு டேங்க்கைச் சுத்தம் பண்ணும்னு க்ளீனப் க்ரூ பேக்னு முப்பது நாப்பது நத்தை நண்டுன்னு கட்டி விப்பாங்க, இந்த அளவு டேங்க்குக்கு அது சாப்பாடு இல்லாத சிறை, பாசி தீர்ந்ததும் ஒவ்வொண்ணா செத்து அதுவே அம்மோனியா ஆகும். நாலு ட்ரோக்கஸ், மூணு நசாரியஸ், அதோட நிறுத்தினோம். ட்ரோக்கஸ் கவுந்து விழுந்தா தானே நிமிந்துக்கும், பல நத்தைங்களுக்கு அது வராது, அதுக்காகவே எனக்குப் பிடிக்கும்.

மீனுக்கு க்வாரன்டைன், அதாவது மெயின் டேங்க்ல விடறதுக்கு முன்னாடி நோய் இருக்கான்னு தனியா வச்சுப் பார்க்கறது. இதைச் சொன்னதும்தான் உண்மையான சண்டை வந்துச்சு, இன்னொரு டேங்க்கா, இடம் எங்க இருக்கு, அம்மா திட்டுவாங்க, இப்படி. 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிஞ்சுக்க பிவிசி பைப் துண்டு ரெண்டு, மேல வலை மூடி, இவ்ளோதான் வேணும். கல்லும் மணலும் போடக்கூடாது, மருந்தை இழுத்துக்கும். ஸ்பான்ஜை சைக்ளிங் ஓடறப்பவே மெயின் டேங்க்ல போட்டு வச்சிருந்தோம், அதனால பாக்டீரியா அதுல ரெடியா இருந்துச்சு. மெயின் டேங்க்ல மருந்து போடலாமேன்னு கேட்பீங்க, ஒட்டுண்ணிக்கு காப்பர்தான் மருந்து, அது இறால், நத்தை எல்லாத்தையும் கொன்னுடும்.

கோபியும் ஃபயர்ஃபிஷ்ஷும் முதல்ல க்வாரன்டைனுக்கு வந்துச்சு. தூரத்துலேர்ந்து பையில வர்ற மீனை மணிக்கணக்குல ட்ரிப் பண்ணக்கூடாது, அதாவது நம்ம தண்ணியைச் சொட்டு சொட்டா விட்டுப் பழக்கக்கூடாது, இதுக்குக் காரணம் இருக்கு. மூடின பையில மீன் விடற கார்பன் டையாக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால அதுல இருக்கிற அம்மோனியா அவ்ளோ விஷமா இருக்காது. பையைப் பிரிச்சதும் அந்த வாயு பறந்து பிஎச் ஏறும், அம்மோனியா விஷமா மாறும், நாம நிதானமா சொட்டு சொட்டா விட்டுட்டு இருக்கிற நேரம் பூரா மீன் அதுல வேகும். அதனால பை தண்ணியோட உப்பு அளவு என்னன்னு அனுப்பறவர்கிட்ட முன்கூட்டியே கேட்டு, க்வாரன்டைன் பெட்டியை அதே அளவுல வச்சு, பையை மிதக்க விட்டு வெப்பம் சமம் ஆனதும் மீனை மட்டும் எடுத்து விட்டோம். பை தண்ணி ஒரு சொட்டும் உள்ள போகக்கூடாது. இறாலுக்கு இது பொருந்தாது, அதுக்கு உப்பு அளவு திடீர்னு மாறினா தாங்காது, மெதுவா ட்ரிப் பண்ணித்தான் விடணும்.

கோபி ஒரு பைப்புக்குள்ள போய் குந்திடுச்சு, சாப்பாடு போட்டா தலையை நீட்டும். ஃபயர்ஃபிஷ் மேல முதல் வாரம் முடியறதுக்குள்ள துடுப்புல உப்புத்தூள் தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி வந்துடுச்சு. மரைன் இக், கிரிப்டோகேரியான். பையன் பயந்துட்டான், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி, இது பெட்டியில வந்துச்சே, மெயின் டேங்க்ல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும். இந்த ஒட்டுண்ணி மீன் மேல சில நாள் இருக்கும், அப்புறம் உதிர்ந்து விழுந்து கூடு கட்டிக்கும், கூட்டுக்குள்ளேர்ந்து பல நூறு குட்டி வெளிய நீந்தி மறுபடி மீனைத் தேடும். மருந்து வேலை செய்யறது அந்த நீந்தற குட்டி மேல மட்டும்தான், அதனாலதான் புள்ளி மறைஞ்சிடுச்சுன்னு ரெண்டாவது நாளே மருந்தை நிறுத்தக்கூடாது. பாட்டில்ல போட்ட அளவுப்படி காப்பரை ரெண்டு மூணு நாள்ல படிப்படியா ஏத்தி, அந்த வகை காப்பருக்கான டெஸ்ட் கிட் வச்சு அளந்து, 30 நாள் அளவு குறையாம பிடிச்சு வச்சோம். தண்ணி மாத்தறப்போ மாத்தற தண்ணியிலயும் அதே அளவு காப்பர் கலக்கணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. பெட்டிக்குன்னு தனி வலை, தனி ட்யூப், ஈரக்கையோட மெயின் டேங்க்கைத் தொடக்கூடாது. மெயின் டேங்க்ல இக் வந்திருந்தா எல்லா மீனையும் வெளிய எடுத்துட்டு 76 நாள் டேங்க்கை மீன் இல்லாம ஓட விடறதுதான் பலரும் பின்பற்றற கணக்கு. இதைச் சொன்னதுக்கு அப்புறம் க்வாரன்டைன் பெட்டியைப் பத்தி ஒரு முணுமுணுப்பும் வரல.

காப்பர் முடிஞ்சு சுத்தமான தண்ணியில கொஞ்ச நாள் வச்சுப் பார்த்துட்டு ரெண்டும் மெயின் டேங்க்குக்குப் போச்சு. இறால் அதுக்கு முன்னாடியே உள்ள இருந்துச்சு, ராத்திரி லைட் அணைச்சா படக்குன்னு கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி சத்தம், அது இறால் கொடுக்கைச் சொடுக்கற சத்தம், அக்கா எந்திரிச்சு வந்து டேங்க்கைத் தடவிப் பார்த்திருக்காங்க. கோபியை விட்ட மறுநாளே அதோட வளைக்குக் குடிபோயிடுச்சு.

க்ளவுன்ஃபிஷ்ஷைக் கடைசியா விட்டதுக்குக் காரணம், பார்க்க சாதுவா இருந்தாலும் இடம் பிடிச்சா விட்டுக்கொடுக்காத மீன். சண்டை போடாதது முதல்ல, போடறது கடைசியில, இதான் வரிசை. ரெண்டும் ஒரே அளவா வாங்காம ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா வாங்கினோம். க்ளவுன்ஃபிஷ் எல்லாமே ஆணாத்தான் வளர ஆரம்பிக்கும், ரெண்டுல ஆதிக்கம் பண்றது பெண்ணா மாறும், அளவு வித்தியாசம் முன்னாடியே இருந்தா யார் பெருசுன்னு அடிச்சுக்க வேண்டிய அவசியம் குறையும். சின்னது பெருசு முன்னாடி உடம்பை உதறி நடுங்கும், பையன் அதுக்கு வலிப்புன்னு நினைச்சான். அது சரண்டர்டா, நல்ல சகுனம்னேன்.

இதுங்களையும் க்வாரன்டைன்ல வச்சுத்தான் விட்டோம், பண்ணை மீனுக்கு எதுக்குன்னு கேட்டான், பண்ணையில சுத்தமா இருந்திருக்கும், நடுவுல கடைத் தொட்டியில மத்த மீனோட இருந்துச்சுல்ல.

இப்போ ஓடற முறை. ஃப்ரோஸன் மைசிஸ் (பொடி இறால் மாதிரி உயிரி), குட்டி பெல்லட், ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. வாரம் ஒருதரம் 10 சதவீதம் தண்ணி மாத்தறது. ஆவியாகிற தண்ணிக்கு ஈடா ஆர்ஓ டிஐ தண்ணி மட்டும், உப்புத்தண்ணி இல்ல, உப்பு ஆவியாகாதுல்ல. சின்ன டேங்க்ல இதை விளையாட்டா எடுத்துக்கக்கூடாது, 65 லிட்டர்ல 7 லிட்டர் குறைஞ்சா 35 இருந்தது 39 தாண்டிடும், அதனால தண்ணி குறைஞ்சா தானா நிரப்பற ஆட்டோ டாப் அப் ஒண்ணு மாட்டிட்டோம். மேல வலை மூடி கண்டிப்பா, ஃபயர்ஃபிஷ் பயந்தா மேல்நோக்கித்தான் பாயும், வயர் போற ஓட்டையைக்கூட அடைச்சோம்.

நைட்ரேட் 5லேர்ந்து 10க்குள்ள நிக்குது. அஞ்சாவது மீன் பத்திக் கேட்டான், ராயல் க்ராமா கேட்டான், தப்பான தேர்வு இல்லதான், ஆனா நாலோட நிக்கட்டும்னுட்டேன், அதுக்குப் பதிலா சோவாந்தட் பவளம் ஒரு சின்னத் துண்டு வாங்கித் தர்றேன்னிருக்கேன். அதுல ஒரு எச்சரிக்கை, சோவாந்தட், பாலிதோவா வகைல சிலதுல பாலிடாக்சின்னு கடுமையான விஷம் இருக்கு, வெட்டறப்போ கையுறை, கண்ணாடி வேணும், அது ஒட்டின கல்லைச் சுத்தம் பண்றேன்னு வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது, அந்த ஆவியைச் சுவாசிச்சு வீட்டோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க. கல்லுல தொற்றிட்டு இக் கூடு வரும்ன்றதால பவளத் துண்டும் நத்தையும்கூட மீன் இல்லாத தனிப் பெட்டியில காத்திருந்துதான் உள்ள போகணும். காப்பர் பட்ட பழைய பெட்டியைப் பவளத்துக்கு எடுக்க முடியாது, அது மீனுக்கு மட்டும்னு மார்க்கர்ல எழுதிக் கழுவிக் காயவச்சு கட்டிலுக்கடியில போட்டுட்டோம், பவளத்துக்கு வேற ஒண்ணு வாங்கணும், அக்காகிட்ட அதை யார் சொல்றதுன்னுதான் இப்போ பேச்சுவார்த்தை போயிட்டு இருக்கு.